மேலே ஏறியவன் எதில் கட்டிக்கொள்வான்? சாரம் முதல் கழற்றி மாட்டும் ஆங்கர் வரை

திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வருபவர்களுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடுவது தெற்கு ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி உயரம். பார்ப்பதற்குப் பழங்காலத்துக் கோபுரம் போல இருந்தாலும் அதன் மேல்பகுதிக்கு வயது அதிகமில்லை. விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கிய வேலை கல்லால் ஆன அடிப்பகுதியோடு நின்றுபோய், சுமார் 400 வருடம் மொட்டைக் கோபுரமாகவே கிடந்தது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயர் தள்ளாத வயதில் அதைக் கையில் எடுத்தார். 1979 வாக்கில் தொடங்கிய வேலை முடிந்து 1987 மார்ச் 25 அன்று சம்ப்ரோட்சணம் நடந்தது.

இந்தக் கோபுரத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரு கணக்கைத் தவறாமல் சொல்வார்கள். 1 கோடியே 70 லட்சம் செங்கல், 12,000 டன் சிமென்ட், 130 டன் இரும்பு. யார் எந்த நிலைக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் 13-ஆவது நிலையில் நின்று பூசிய கொத்தனார் தன்னை எதில் கட்டிக்கொண்டு நின்றார் என்ற கேள்வி எங்கும் வருவதில்லை. சின்னக் கேள்விதான். ஆனால் உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பு வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அந்தக் காலத்து வழக்கப்படி பதில் எளிது: எதிலும் இல்லை. சாரம்தான் எல்லாம். நிற்பதற்கும் அதுதான், பிடித்துக்கொள்வதற்கும் அதுதான்.

சாரம் கட்டுவது தனித் தொழில். சவுக்குக் கம்பை நட்டு, குறுக்கே கம்பு வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டே மேலே போவார்கள். ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. கட்டும் முடிச்சில்தான் உயிர். கோபுரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுச் சுவர் நேராக நிற்கும், கோபுரம் மேலே போகப் போக உள்வாங்கும். சாரமும் கூடவே படிப்படியாக உள்ளே நகர வேண்டும். கபோதத்திலும் சுதைப் பொம்மைகளிலும் இடிக்காமல், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் போக வேண்டும்.

சாதாரணச் செங்கல் கட்டடத்தில் சாரத்துக்குச் சுவரே ஒரு கை கொடுக்கும். கட்டும்போதே ஆங்காங்கே ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை விட்டுவிடுவார்கள். குறுக்குக் கம்பின் ஒரு முனை அந்த ஓட்டைக்குள் போகும், மறு முனை வெளிக் கம்பில் கட்டப்படும். வேலை முடிந்து சாரத்தைப் பிரித்துக்கொண்டு இறங்கும்போது, கம்பை உருவிவிட்டு ஓட்டையைச் செங்கல் துண்டு வைத்துப் பூசிவிடுவார்கள். புதுப் பூச்சு நிறம் மாறும்வரை அந்தச் சதுரங்கள் சுவரில் தெரியும். யோசித்துப் பார்த்தால், சுவரில் ஓட்டை போட்டு, அதில் ஒன்றைச் செருகி, வேலை முடிந்ததும் உருவி எடுத்துக்கொண்டு போய் அடுத்த இடத்தில் பயன்படுத்துவது என்ற யோசனை நம் கொத்தனார்களுக்குப் புதிதே அல்ல. இன்று விலை கொடுத்து வாங்கும் கழற்றி மாட்டும் ஆங்கரின் தாத்தா இந்தச் சார ஓட்டைதான் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு வித்தியாசம். சார ஓட்டை கம்பைத் தாங்கியது, ஆளைத் தாங்கவில்லை.

சாரத்தில் மிக ஆபத்தான நேரங்கள் இரண்டு, கட்டும்போதும் பிரிக்கும்போதும். நடுவில் வந்து பூசுபவருக்கும் வர்ணம் அடிப்பவருக்கும் சுற்றிலும் நாலு கம்பாவது இருக்கும். முதலில் ஏறுபவருக்கு அதுவும் இல்லை, அவர் கட்டினால்தான் கம்பே வரும். கடைசியில் பிரிப்பவர் நிலைமை இன்னும் மோசம். இவ்வளவு நேரம் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ அதன் முடிச்சையே அவிழ்க்க வேண்டும். இந்த இரண்டு ஆட்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கதை திரும்பவும் அவர்களிடம்தான் வரும்.

சரி, சட்டம் என்ன செய்தது? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட கட்டட வேலையில் விழுந்து செத்தால் குடும்பத்துக்குப் பணம் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஆனால் விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது 1996-ல். 73 வருட இடைவெளி! இடையில் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் உயரத்தில் வேலை செய்பவரைப் பற்றிப் பேசியது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. திருவெறும்பூரில் பெல் ஆலைக்குள் உயரத்தில் ஏறியவருக்கு அந்தச் சட்டம் இருந்தது. அதே நாளில் 15 கிலோமீட்டர் தள்ளி ராஜகோபுரத்தில் ஏறியவருக்கு இல்லை. கோயில் தொழிற்சாலை அல்லவே.

1987 இந்த விஷயத்தில் விசேஷமான வருடம். ராஜகோபுரம் முடிந்த அதே வருடத்தில்தான் தொழிற்சாலைகள் சட்டத்தில் பெரிய திருத்தங்கள் வந்தன. சாரங்களுக்கான இந்தியப் பாதுகாப்பு விதித்தொகுப்பான ஐ.எஸ். 3696-இன் முதல் பகுதி திருத்தி வெளியானதும் அந்த வருடம்தான். கோபுர வேலைக்கு இரண்டுமே சம்பந்தமில்லாமல் நடந்தவை. ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை.

தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது. 1996 மத்தியச் சட்டத்துக்கு இங்கே மாநில விதிகள் வர 2006 ஆனது. அந்தச் சட்டமும் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடங்களுக்குத்தான். 10 லட்சத்துக்குள் சொந்த வீடு கட்டியவர் அதில் வரவில்லை. இப்போது 2020-ஆம் வருடத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பெல்ட் விஷயத்தில் இந்தியா அவ்வளவு தாமதம் இல்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு பெல்ட்டுக்கான ஐ.எஸ். 3521 தரநிலை 1960-களிலேயே வந்தது. அதாவது இடுப்பில் கட்டும் பட்டைக்கும் கயிற்றுக்கும் இலக்கணம் இருந்தது. கயிற்றின் மறுமுனை எதில் மாட்டப்படும் என்பதுதான் அந்தரத்தில் நின்றது. பெல்ட் கடையில் கிடைக்கும். மாட்டும் இடம் கடையில் கிடைக்காது, கட்டடத்தில்தான் இருக்க வேண்டும். பாதி கட்டிய கட்டடத்தில் அது எங்கே இருக்கும்?

விளைவு என்ன? பெல்ட் கொடுத்த இடங்களிலும் அதைச் சாரத்திலேயே மாட்டினார்கள். இன்றும் பல இடங்களில் அதே கதைதான். சாரம் சரிந்தால் ஆளும் சேர்ந்து போவார். இதற்கு உலகம் அறிந்த உதாரணம் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். 1930-களில் அதைக் கட்டியபோது அடியில் பெரிய வலை கட்டினார்கள், அன்றைக்கு அது புதுமை. 19 பேர் அந்த வலையில் விழுந்து பிழைத்தார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று தொழிலாளர்கள் நின்றிருந்த சாரமே கழன்று வலைமேல் விழுந்தது, வலை கிழிந்தது. 10 பேர் இறந்தார்கள். மனிதர்களைத் தாங்கிய வலையால் சாரத்தைத் தாங்க முடியவில்லை.

ஆக, நிற்கும் இடம் வேறு, கட்டிக்கொள்ளும் இடம் வேறு என்று பிரிக்க வேண்டும். சாரம் போனாலும் போகாத ஒன்றில் மாட்ட வேண்டும். கான்கிரீட் கட்டடத்தில் அந்த ஒன்று கான்கிரீட்தான். கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளும் பொருளுக்கு ஆங்கர் என்று பெயர். கப்பலுக்குச் சொல்லும் அதே நங்கூரம்.

சுவரில் ஓட்டை போட்டு அதற்குள் விரிந்து பிடிக்கும் பொருளைப் பிரபலமாக்கியவர் லண்டனைச் சேர்ந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ். 1910-ஐ ஒட்டிய வருடங்களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவர் கெடாமல் மின் சாதனங்களைப் பொருத்த வேண்டிய வேலை அவருக்கு. நாரால் செய்த சிறு குழாயை ஓட்டைக்குள் வைத்து, திருகாணியை முடுக்கினால் குழாய் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்டும் பிளாஸ்டிக் ராவல் பிளக்கின் முன்னோடி இதுதான், அந்தப் பெயரே அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான்.

ராலிங்ஸின் பிளக் போட்டால் போட்டதுதான். கழற்றி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் பாறை ஏறுபவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் யோசெமிட்டியில் பாறை வெடிப்புகளில் இரும்பு முளைகளைச் சுத்தியலால் அடித்து ஏறுவார்கள், பிறகு பிடுங்குவார்கள். வருடக்கணக்கில் அடித்துப் பிடுங்கியதில் பாறையே புண்ணாகிவிட்டது. 1970-களில் பாறையைக் கெடுக்காமல் ஏற வேண்டும் என்று ஒரு இயக்கமே கிளம்பியது. ரே ஜார்டின் என்பவர் ஸ்பிரிங் வைத்த ஒரு கருவியைச் செய்தார். விசையை இழுத்தால் சுருங்கும், வெடிப்புக்குள் வைத்து விட்டால் விரியும், எடையைத் தொங்கவிட்டால் இன்னும் இறுகும். 1978-ல் அது விற்பனைக்கு வந்தது. கான்கிரீட்டில் மாட்டிக் கழற்றும் ஆங்கர்களும் இதே குடும்பம்தான்.

அது வேலை செய்யும் விதம் தமிழ்நாட்டுக் கல் தச்சருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஏனென்றால் அது ஆப்பு. (இன்றைய பேச்சு வழக்கில் 'ஆப்பு' என்றால் வேறு அர்த்தம் வந்துவிட்டது, அதை விடுங்கள்!) ஒரு உருளைத் தண்டு, அதன் நுனியில் சரிவு. சரிவின் மேல் ஒரு சிறு ஆப்புத் துண்டு சறுக்கும். பின்னால் இருக்கும் விசையை இழுத்தால் துண்டு ஒடுங்கும், தண்டு ஓட்டைக்குள் நுழையும். விசையை விட்டதும் துண்டு ஓட்டையின் சுவரைத் தொட்டு நிற்கும். வெளிப்பக்கம் இழுத்தால் சரிவு காரணமாகத் துண்டு இன்னும் பக்கவாட்டில் தள்ளும். இழுக்க இழுக்க இறுகும்.

ஆனால் அதே ஆப்பால்தான் நம்மவர்கள் கருங்கல்லைப் பிளந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பாறைகளில் வரிசையாகத் தெரியும் சின்னச் சின்னச் செவ்வகக் குழிகள் ஆப்பு அடித்த குழிகள்தான். கல்லைப் பிடிக்கும் விசையும் கல்லை உடைக்கும் விசையும் ஒன்றுதான், எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தளத்தின் ஓரத்துக்கு மிக அருகில் ஆங்கரை வைத்தால் அது ஆளைப் பிடிக்காது, கான்கிரீட்டின் ஓரத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கான்கிரீட் அமுக்கத்துக்குப் பலசாலி, இழுப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். ஆங்கரை இழுத்தால் சுற்றியுள்ள கான்கிரீட் புனல் வடிவத்தில் பெயர்ந்து வரப் பார்க்கும். அந்தப் புனல் முழுதாக உருவாக இடம் வேண்டும். அதனால்தான் ஓரத்திலிருந்து இவ்வளவு, இன்னொரு ஆங்கரிலிருந்து இவ்வளவு என்று தயாரிப்பாளர் தூரம் கொடுத்திருப்பார். அது ஒப்புக்குக் கொடுத்த எண் அல்ல.

எவ்வளவு விசை வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருவிகளோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள ஒருவர் 1.8 மீட்டர் விழுகிறார் என்று வையுங்கள். ஆகும் நேரம் சுமார் 0.6 விநாடி, வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர். கயிறு அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரியாகவே 18 கிலோநியூட்டனுக்கு மேல் விசை. ஏறக்குறைய 1,900 கிலோ எடை தொங்குவது போல! இடுப்பு பெல்ட்டில் இது நடந்தால் ஆங்கர் பிழைத்தாலும் ஆள் பிழைப்பது சந்தேகம். அதனால்தான் தொடையையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வந்தது. கயிற்றின் நடுவில் தையல் பிரிந்து நீளும் அதிர்ச்சி தாங்கியும் வந்தது. அமெரிக்காவில் விழுபவரைத் தாங்க இடுப்பு பெல்ட் கூடாது என்ற தடை 1998 ஜனவரி 1 முதல். அங்கே ஒரு ஆளுக்கு ஆங்கர் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையின் 2012 பதிப்பு 12 கிலோநியூட்டன் என்கிறது. இந்தியாவின் ஐ.எஸ். 3521 பெயரிலேயே 1999 பதிப்பு வரை 'பெல்ட்' இருந்தது. 2021-ல் அதைப் பகுதிகளாகப் பிரித்து முழு உடல் ஹார்னஸுக்குத் தனியிடம் கொடுத்தார்கள்.

இனி மாட்டும் முறை. முதலில் எதில் மாட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். நேற்றுப் போட்ட கான்கிரீட்டில் கூடாது, ஏழு நாளில்கூட அது முழுப் பலத்துக்கு வந்திருக்காது. செங்கல்லில் கூடாது, ஹாலோ பிளாக்கில் கூடாது, மேல்பூச்சில் கூடவே கூடாது. பூச்சு இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் ஆங்கர் பிடிக்கும் ஆழத்தில் இரண்டு சென்டிமீட்டர் பொய். வெடிப்பு உள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அதே அளவு டிரில் பிட், சொன்ன அதே ஆழம், மேற்பரப்புக்குச் செங்குத்தாக. தேய்ந்த பிட் ஓட்டையைச் சிறிதாக்கும், ஆட்டி ஆட்டிப் போட்டால் ஓட்டை பெரிதாகும். பெரிதான ஓட்டையில் ஆப்பு முழுக்க விரிந்தும் சுவரைப் போதிய அளவு தொடாது. பிறகு ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி, பிரஷ் போட்டு எடுக்க வேண்டும். தூள் இருந்தால் ஆப்பு தூளின்மேல் சறுக்கும். மாட்டிய பிறகு கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும், விசைக் கம்பி தளர்ந்து கிடக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு சொல்லியிருந்தால் ஒழிய ஒரு ஆங்கருக்கு ஒரே ஆள். ஒரு முறை யாராவது விழுந்து தாங்கிய ஆங்கர் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது, அந்த ஓட்டையும் ஆகாது.

இந்த விதிகளோடு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினால் விஷயம் சுவாரசியமாகிறது. ராஜகோபுரம் 1987-ல் முடிந்தது, சிமென்ட் 12,000 டன் என்றதும் 'கான்கிரீட் கோபுரம்தானே, டிரில் போட்டு ஆங்கர் மாட்டலாமே' என்று தோன்றும். இரும்புக் கணக்கைப் பாருங்கள். 130 டன்தான். 1 கோடியே 70 லட்சம் செங்கலுக்குப் பக்கத்தில் இது மிகக் கொஞ்சம். அதாவது அந்த மலை பெரும்பாலும் செங்கல், சிமென்ட்டில் பெரும்பகுதி செங்கலை ஒட்டிய கலவை. வெளியே தெரிவது பூச்சும் சுதையும். ஆங்கருக்கு அவை இரண்டும் ஆகாது.

பழைய கோபுரங்களில் இன்னும் கவனம் வேண்டும். கோயிலில் மொத்தம் 21 கோபுரம், பெரும்பாலானவை நூற்றாண்டுகள் கண்டவை. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலை கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ் நிலையில் ஒரு பகுதி தானாகவே இடிந்து விழுந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், யாருக்கும் காயமில்லை. பகலில் ஜன நெரிசலான வாசல் அது. அப்படிப்பட்ட சுவரில் விரியும் ஆப்பை வைப்பது ஆளையும் காப்பாற்றாது, கோபுரத்தையும் காப்பாற்றாது. 2015 சம்ப்ரோட்சணத்தை ஒட்டி நடந்த திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்ததற்குக் காரணமே பழைய முறைகளை மதித்துச் செய்ததுதான். இங்கே வழி வேறு: உள்ளே உறுதியான பாகத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, வாசல் திறப்பு வழியாக வெளியே விடுவது, அல்லது சாரத்தையே தாங்கும்படி பொறியாளர் கணக்குப் போட்டுக் கட்டுவது. டிரில்லை எடுக்காமல் இருப்பதும் இந்த வேலையில் ஒரு முடிவுதான்.

ஆங்கருக்கு உரிய இடம் கோபுரத்தைச் சுற்றி வளர்ந்துகொண்டிருக்கும் ஊர். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் எழும் அடுக்குமாடிகளில் தளம் போட்டு, மேல் காலம் இன்னும் வராத நாட்களில், ஓரத்தில் நின்று கம்பி கட்டுபவருக்கும் சென்ட்ரிங் பலகை அடிப்பவருக்கும் மாட்ட எதுவுமே இருக்காது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மாட்டுவார்கள், அது வளையும், ஹூக் நழுவும். அங்கேதான் இறுகிய கீழ்த்தளக் கான்கிரீட்டில் ஒரு ஓட்டை போட்டு மாட்டும் ஆங்கருக்கு வேலை இருக்கிறது. விலை கூடுதல் என்பார்கள். ஒரே ஆங்கர் தளம் தளமாகக் கூடவே ஏறி வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டு ஆட்கள். முதலில் ஏறுபவர் ஓரத்துக்குப் போய் டிரில் போடக் கூடாது. ஓரத்திலிருந்து தள்ளி, விழ வாய்ப்பில்லாத இடத்தில் முதல் ஆங்கரை மாட்டி, அதில் தன்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அடுத்ததற்கு நகர வேண்டும். கடைசி ஆள் இதைத் தலைகீழாகச் செய்வார். ஓரத்தில் இருப்பதைக் கழற்றும்போது உள்ளே இருப்பதில் கட்டியிருப்பார். சுமை முழுக்க நீங்கிய பிறகு தண்டைச் சற்று உள்ளே தள்ளி, விசையை இழுத்தால் ஆப்பு ஒடுங்கி வெளியே வரும். சிக்கிக்கொண்டால் ஓரத்தில் நின்று பலம்கொண்ட மட்டும் பிடுங்கக் கூடாது, திடீரென்று கையோடு வந்தால் பின்னால் இருப்பது வெளி. கடைசி ஆங்கர் மாடிப்படி அருகே, கைப்பிடித் தடுப்புக்கு உள்ளே இருக்க வேண்டும். அதைக் கழற்றும் நேரத்தில் அவருக்குக் கயிறே தேவைப்படாது. பிறகு ஓட்டைகளில் சிமென்ட் கலவையை அடைத்து, கரணையால் ஒரு இழு இழுத்து மூடிவிட்டு, ஆங்கர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போவார்.